கெடா வரலாறு – 14: பேஜெட் வீட்டுப் பிள்ளை போட்ட கையெழுத்து

சென்ற வாரம் கெடா அரண்மனையின் கடன் கணக்கில் நிறுத்தியிருந்தோம். 1904-ல் அரச வாரிசுகள் ஐவருக்கு அலோர் ஸ்டாரில் மாதக்கணக்கில் கல்யாணம் நடந்தது. கஜானா காலியானது. பினாங்கில் கடன் கொடுத்தவர்கள் கதவைத் தட்ட, 1905-ல் சயாம் அரசு 26 லட்சம் வெள்ளி கடன் கொடுத்துக் காப்பாற்றியது. அதற்கு விலையாகச் சுல்தான் அப்துல் ஹமீட் ஹலிம் ஷா ஒரு மாநில மன்றத்தையும், கணக்கு வழக்கைப் பார்க்க ஓர் ஆலோசகரையும் ஏற்க வேண்டியிருந்தது. சயாம் அனுப்பிய அந்த ஆலோசகர் ஹார்ட், இந்தியாவில் பிரிட்டிஷ் அரசின் நிதித்துறையில் இருந்தவர். சயாம் வாசல் வழியாக வந்தாலும் வந்தவர் வெள்ளைக்காரர்தான். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். அடுத்த நான்கு ஆண்டுகளில் நடந்தது அனைத்துக்கும் இது முன்னோட்டம்.

இந்த வாரம் கெடாவை விட்டு வெகுதூரம் போகிறோம். கெடாவின் தலையெழுத்தை மாற்றிய தாளில் பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்ட ரால்ஃப் ஸ்பென்சர் பேஜெட் யார், எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல் அந்தத் தாளைப் படித்தால் பாதிதான் புரியும்.

பேஜெட் குடும்பத்தில் தூது போவது ஒரு குலத்தொழில். ரால்ஃபின் பாட்டனார் சர் ஆர்தர் பேஜெட், நெப்போலியன் காலத்தில் நேப்பிள்ஸிலும் வியன்னாவிலும் பிரிட்டனின் தூதர். அந்தப் பாட்டனாரின் அண்ணன்தான் வாட்டர்லூ போரில் கால் இழந்த ஆங்கில்சி பிரபு. வெட்டி எடுத்த காலை அந்த ஊரிலேயே புதைத்து, மேலே கல்லும் நட்டார்கள். சுற்றுலா வந்தவர்கள் அதைப் போய்ப் பார்த்தார்கள். பிரபு வீட்டுக் காலுக்குக்கூடக் கல்வெட்டு உண்டு. தோட்டப்புறச் சுடுகாடுகளை அறிந்தவர்களுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பதா, வேறேதாவது சொல்வதா என்று தோன்றும்.

தந்தை சர் அகஸ்டஸ் பேஜெட் விக்டோரியா மகாராணி காலத்துத் தூதர்களில் பெயர் பெற்றவர். கோபன்ஹேகனில் இருந்தபோது சாக்ஸனி பிரபுக் குடும்பத்துப் பெண்ணான வால்பர்காவை 1860-ல் மணந்தார். வால்பர்கா அதற்கு முன் மகாராணியின் மூத்த மகளிடம், பிரஷ்ய அரண்மனையில், தோழியாக இருந்தவர். வேல்ஸ் இளவரசருக்குப் பெண் தேடியபோது டென்மார்க் இளவரசி அலெக்சாந்திராவின் பெயர் மகாராணி காதுக்குப் போனதில் இந்தத் தம்பதிக்குப் பெரும் பங்கு உண்டு. 1863-ல் கல்யாணம் நடந்தது. பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டின் ராணியானவர் இந்த அலெக்சாந்திராதான். அகஸ்டஸ் பிறகு ரோமிலும் வியன்னாவிலும் பிரிட்டனின் தூதராக அமர்ந்தார். 1864 நவம்பரில் ரால்ஃப் பிறந்தபோது தந்தை கோபன்ஹேகனில்தான் பதவியில் இருந்தார். மன்னர்களும் மந்திரிகளும் விருந்துக்கு வந்து போகும் வீட்டில் வளர்ந்த பிள்ளை. ஈட்டனில் படிப்பு. பிறகு மொழிகள் கற்க ஐரோப்பாவில் சில காலம்.

1888-ல் வேலையில் சேர்ந்தார். முதல் இடம் வியன்னா. அங்கே தூதர் அவருடைய அப்பா.

அன்றைய பிரிட்டிஷ் வெளியுறவுச் சேவையில் நுழைய அறிவும் தேர்வும் மட்டும் போதாது. ஆண்டுக்கு 400 பவுன் சொந்த வருமானம் உண்டு என்று காட்ட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் சம்பளமே கிடையாது. முதல் உலகப் போர் முடிந்த பிறகே இந்த விதி போனது. 400 பவுன் என்பதை நம் ஊர்க் கணக்கில் பார்க்கலாம். 1906-ல் மலாயா வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. அந்தக் கணக்கில் 400 பவுன் ஏறத்தாழ 3,430 வெள்ளி. ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு நாள் கூலி 30 காசு, ஆண்டுக்கு 300 நாள் பெரட்டு என்று வைத்துக்கொண்டால், அவர் 38 ஆண்டு சாப்பிடாமல் சேர்த்து வைக்க வேண்டிய தொகை. இத்தனை பணம் ஆண்டுதோறும் சும்மா வருகிறவன் மட்டுமே நாடுகளுக்கு இடையே பேசத் தகுதியானவன் என்று பேரரசு நினைத்தது. பணத்துக்கு மயங்கமாட்டான் என்பது அதற்குச் சொன்ன நியாயம். மயங்க வேண்டிய அவசியம் இல்லாதவனுக்கு, கடன்பட்டவனின் கஷ்டம் கண்ணில் படுமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

வியன்னாவுக்குப் பிறகு கெய்ரோ, சான்சிபார், வாஷிங்டன், தோக்கியோ, கவுதமாலா என்று ரால்ஃபை அனுப்பினார்கள். நீண்ட காலம் இருந்தது தோக்கியோவில். மெய்ஜி ஜப்பான் சீனாவைப் போரில் வென்றதும், தன் மண்ணில் வெள்ளையருக்கு இருந்த தனி நீதிமன்ற உரிமையைப் பேசியே ஒழித்ததும் அந்த ஆண்டுகளில்தான். 1894-ல் பிரிட்டன் அதற்குச் சம்மதித்தது. 1899-ல் அது நடைமுறைக்கு வந்தது. பிற்பாடு பாங்காக்கில் அவர் பேசப் போவதும் இதே விவகாரம்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாங்காக்குக்கு வந்து, 1904-ல் அங்கே பிரிட்டனின் அமைச்சர் நிலைத் தூதரானார். விக்டோரியா மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் ரால்ஃபின் வளர்ப்பும் படிப்பும் பழக்கமும் அந்த மகாராணி காலத்தவை.

அந்தத் தனி நீதிமன்ற உரிமையை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். 1855-ல் பௌரிங் செய்த உடன்படிக்கையின்படி, சயாமில் வாழும் பிரிட்டிஷ் குடிமக்கள் குற்றம் செய்தாலும் கடன் வழக்கில் மாட்டினாலும் அவர்களைச் சயாம் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. பிரிட்டிஷ் தூதரகமே விசாரிக்கும். அது எழுதப்பட்டபோது மனத்தில் இருந்தவர்கள் வெள்ளைக்கார வியாபாரிகள். ஐம்பது ஆண்டில் நிலைமை மாறிவிட்டது. வடக்கே தேக்குக் காடுகளில் பர்மியர், ஷான் இனத்தவர்; தெற்கே மலாய்க்காரர்; பாங்காக்கில் தமிழர். சயாமில் பிரிட்டிஷ் குடிமக்களில் பெரும்பாலோர் ஆசியர்களாகிவிட்டார்கள். பாங்காக் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் எழுப்பிய தமிழர்கள்கூடச் சட்டப்படி விக்டோரியாவின், பிறகு எட்வர்டின், குடிமக்கள்தான்.

தன் நாட்டில் தன் சட்டம் செல்லாது என்பது சூலாலங்கோன் மன்னருக்கு ஆறாத புண். அதை ஆற்ற அவருடைய அமெரிக்க ஆலோசகர் எட்வர்ட் ஸ்ட்ரோபெல் ஒரு வழி சொன்னார்: எல்லையில் உள்ள, முழுதாகப் பிடியில் இல்லாத பகுதிகளைக் கொடுத்துவிட்டு நீதி உரிமையைத் திரும்ப வாங்குவது. ஸ்ட்ரோபெல் ஹார்வர்டில் சர்வதேசச் சட்டப் பேராசிரியர். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். 1907 மார்ச்சில் பிரான்சோடு அந்த வழியைச் செய்து பார்த்தார்கள். பத்தம்பாங், சியாம் ரியாப், சிசோபோன் மூன்றும் பிரெஞ்சு இந்தோசீனாவுக்குப் போயின. ஆசியப் பிரெஞ்சுக் குடிமக்கள் மேல் சயாமுக்கு நீதி உரிமை வந்தது. அங்கோர் வாட் கம்போடியாவுக்குத் திரும்பியது இந்தப் பேரத்தில்தான். அடுத்த பேரம் பிரிட்டனோடு. எதிரே உட்கார்ந்தவர் ரால்ஃப் பேஜெட்.

பிரிட்டனுக்கு என்ன ஆசை? மலாய் மாநிலங்கள் மீது ஆசை உண்டு, அதைவிடப் பெரிது பயம். ஜெர்மனியைப் பற்றிய பயம். 1899 அளவில் பென் மேயர் என்ற ஜெர்மன் நிறுவனம் லங்காவியில் குத்தகை கேட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1897 ஏப்ரலில், பாங்காக்கில் ஒரு ரகசிய ஒப்பந்தம் ஆகியிருந்தது: தீபகற்பத்தில் பிரிட்டனைக் கேட்காமல் வேறு எந்த வல்லரசுக்கும் சயாம் இடம் கொடுக்கக் கூடாது. அந்தத் தாள் இருந்ததால் லங்காவி தப்பியது. ஆனாலும் சயாமின் வடக்கு ரயில்பாதை ஜெர்மன் பொறியாளர்கள் கையில் இருந்தது. அது தெற்கே தீபகற்பத்துக்குள் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்பது சிங்கப்பூரின் கவலை. அங்கே ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சன் முடிந்த அளவு மண்ணைக் கேட்டார். லண்டனுக்கோ பிரான்ஸையும் சயாமையும் கெடுத்துக்கொள்ள மனமில்லை. பேஜெட் நடுவில் நின்று இரண்டு பக்கக் கடிதங்களுக்கும் பதில் எழுதினார். 1908 ஜனவரியில் ஸ்ட்ரோபெல் பாங்காக்கில் இறந்துபோனார். அவர் இடத்தில் ஜென்ஸ் வெஸ்டன்கார்ட் பேச்சைத் தொடர்ந்தார்.

1909 மார்ச் 10 அன்று பாங்காக்கில் பேஜெட்டும், சயாம் வெளியுறவு அமைச்சரும் மன்னரின் மாற்றாந்தாய் வழிச் சகோதரருமான தேவவோங்சே இளவரசரும் கையெழுத்திட்டார்கள். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களின் மீதும் அவற்றை ஒட்டிய தீவுகள் மீதும் சயாமுக்கு இருந்த உரிமைகள் அனைத்தும் பிரிட்டனுக்கு மாறின. சுமார் 15,000 சதுர மைல். அந்த மாநிலங்கள் சயாமுக்குப் பட்டிருந்த கடனையும் அடைத்துவிடுவதாக ஏற்பாடு. எல்லைக்கோடு பெர்லிஸ் ஆற்று முகத்துவாரத்தின் வடகரையில் தொடங்கி, மலை உச்சிகளின் நீர்ப்பிரிப்பைத் தொடர்ந்து கிழக்கே போனது. லங்காவி கெடாவோடு வந்தது. ஒரு காலத்தில் கெடாவின் பகுதியாக இருந்த சத்துன், மலாய்க்காரர் நிறைந்த ஊர், சயாமிலேயே தங்கிவிட்டது, பட்டானியும் அப்படியே.

பதிலுக்குச் சயாமுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று நீதி உரிமை. இதன் உள்ளே போய்ப் பார்த்தால் பேஜெட் காலத்து மனம் தெரியும். பிரிட்டிஷ் குடிமகன் பிரதிவாதியாக நிற்கும் வழக்கில் ஓர் ஐரோப்பியச் சட்ட ஆலோசகர் நீதிமன்றத்தில் உட்காருவார். நிற்பவர் ஆசிய வம்சாவளி அல்லாதவராக இருந்தால் அந்த ஆலோசகர் நீதிபதியாகவே அமர்வார், அவர் சொல்வதே தீர்ப்பு. ஆசியராக இருந்தால் உட்காருவார், அவ்வளவுதான். சீலோம் தமிழருக்கும், அதே தெருவில் கடை வைத்த ஸ்காட்லாந்துக்காரருக்கும் பாஸ்போர்ட் ஒன்று. நாற்காலியின் பலம் வேறு. பதிலுக்கு இருவருக்கும் சயாமில் நிலம் வாங்கும் உரிமை கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று பணம். தெற்கு ரயில்பாதை போட 40 லட்சம் பவுன், 4 சதவீத வட்டியில் கடன். கொடுத்தது லண்டன் அல்ல, கூட்டு மலாய் மாநிலங்களின் கஜானா. நம் வெள்ளியில் ஏறத்தாழ 3 கோடியே 43 லட்சம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் சீனத் தொழிலாளி தோண்டிய ஈயத்தின் ஏற்றுமதி வரியும், அவனே புகைத்த அபினின் வரியும் நிரப்பிய பணம் அது. சுல்தான் 26 லட்சம் கடனுக்காக அடங்கிப் போனவர். அவர் நாடு கைமாறிய பேரத்தில் அதைப் போல் பதின்மூன்று மடங்குக்கு மேல் கடன் இன்னொருவருக்குப் போனது. பாதை வேலை பிரிட்டிஷ் பொறியாளர் கையில் கொடுக்கப்பட்டது. ஜெர்மன் பயம் தீர்ந்தது.

கெடாவில் யாரையாவது கேட்டார்களா? கேட்கவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாங்காக்குக்குத் தங்கப்பூ மரமும் வெள்ளிப்பூ மரமும் அனுப்பி வந்த சுல்தான், தன் நாட்டையும் மக்களையும் மாட்டை விற்பதுபோல் விற்றுவிட்டார்கள் என்றும், வாங்கியவனை மன்னிக்கலாம், விற்றவனை மன்னிக்க முடியாது என்றும் வருந்தியதாகச் சொல்வார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. வாங்கியவன் மேல் அவருக்குக் கோபம் இல்லாமல் போக வேண்டிய காரணம் எதுவும் இல்லை. 1786-ல் பினாங்கை வாங்கியபோது பாதுகாப்பு தருவோம் என்ற எண்ணத்தை விதைத்துவிட்டு, 1821-ல் சயாமின் லிகோர் படை கெடாவுக்குள் புகுந்தபோது கைகட்டி நின்றதும், 1826-ல் பர்னி உடன்படிக்கையில் கெடாவைச் சயாமிடமே விட்டதும் இதே வாங்கியவன்தான். அதையெல்லாம் முன் அத்தியாயங்களில் பார்த்தோம். பேஜெட்டின் மேசையில் அந்தப் பழைய கணக்குக்கு இடமே இல்லை.

அவரைக் கொடியவர் என்று எழுதுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. சயாமை விழுங்கிவிட வேண்டும் என்று சிங்கப்பூரில் கனவு கண்டவர்களோடு ஒப்பிட்டால் அவர் நிதானமானவர். சயாம் சயாமாகவே இன்று நிற்பதற்கு இந்த உடன்படிக்கையும் ஒரு காரணம். மன்னர்களோடும் அமைச்சர்களோடும் பேசியே வளர்ந்தவருக்கு, நாடு என்றால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர். கெடா அவர் எதிரே உட்காரவில்லை.

1909 ஜூலையில் ஜார்ஜ் மேக்ஸ்வெல் முதல் பிரிட்டிஷ் ஆலோசகராக அலோர் ஸ்டார் வந்தார். பேராக் மாதிரி ஆண்டுவிடலாம் என்று வந்தவரைக் கெடா பிரபுக்கள் விடவில்லை. மலாய் மொழியும் ஜாவி எழுத்தும் அலுவலகத்தில் நிலைத்தன, வெள்ளிக்கிழமை விடுமுறை நீடித்தது, பதவிகள் பெரும்பாலும் மலாய்க்காரரிடமே இருந்தன. 1923-ல் தனி உடன்படிக்கை எழுதி, சுல்தானின் சம்மதம் இல்லாமல் கெடாவை யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்ற வரியையும் சேர்த்துக்கொண்டார்கள். 1909-ன் சூடு அந்த வரியில் தெரிகிறது. அரண்மனையோ பாங்காக்கை ஒரேயடியாக வெறுத்துவிடவில்லை. சுல்தானின் மகன் துங்கு அப்துல் ரஹ்மான், பிற்காலப் பிரதமர், 1909-க்குப் பிறகுதான் பாங்காக் பள்ளியில் போய்ப் படித்தார்.

நம் ஆட்கள் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். பிரிட்டிஷ் கொடி பறக்கும் மண்ணில் பணம் போட லண்டன் முதலாளிகளுக்குத் தயக்கம் இல்லை. கொடி வந்த மறு ஆண்டே, 1910 ஏப்ரலில், ரப்பர் விலை ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங், குரூண் என்று காடு வெட்டிப் பால்மரம் நட்டார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிக்கப்பட்டுவிட்டதால், ஆள் கொண்டுவரும் வேலை முழுக்கக் கங்காணி கைக்குப் போனது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, பிறை கடந்து கெடாவுக்குள் வந்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் நடுவில் மாநிலத்தில் இந்தியர் தொகை பல மடங்கு பெருகியது. தோட்டமும் லயமும் தமிழ்ப் பள்ளியும் மாரியம்மன் கோயிலுமாக இன்று நாம் அறிந்த கெடாத் தோட்டப்புறம் அந்தப் பத்து ஆண்டில் எழுந்தது. ராஜேந்திர சோழன் படை வந்த கடாரத்தில் தமிழன் இரண்டாம் முறை கூட்டமாகக் கால் வைத்தது மண்வெட்டியோடும் கைக்கத்தியோடும்தான்.

ரயிலும் வந்தது. பிறையிலிருந்து சுங்கை பட்டாணி, குரூண் வழியாக 1915-ல் அலோர் ஸ்டாரை எட்டியது. 1918-ல் பாடாங் பெசாரில், பேஜெட் பேசி முடித்த கடனில் போட்ட சயாம் பாதையோடு இணைந்தது.

பேஜெட் அதற்குள் எங்கோ போய்விட்டார். உடன்படிக்கை ஆன அதே ஆண்டு சர் பட்டம் கிடைத்தது; மியூனிக், பிறகு பெல்கிரேட். 1907-ல் அவர் மணந்திருந்த உறவுக்காரப் பெண் லைலா பேஜெட், பெரும் படைத்தலைவரின் மகள், உலகப் போரின்போது செர்பியாவின் ஸ்கோப்யேயில் மருத்துவமனை நடத்தினார். டைஃபஸ் காய்ச்சல் தாக்கிப் பிழைத்தார். கணவரைவிட அந்த நாட்டில் இவருக்கே பெயர். ரால்ஃப் பிறகு தன் தந்தை இருந்த கோபன்ஹேகனிலேயே தூதராக இருந்து, 1918-ல் பிரேசிலுக்கு முதல் முழுநிலைத் தூதராகப் போய், ஓய்வு பெற்றார். 1940 மே மாதம் இறந்தார். மலாயாவில் ஜப்பானியர் இறங்க அப்போது இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது.

1942-ல் ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ரயில் போடத் தொடங்கினார்கள். அதன் தாய்லாந்து முனை, தெற்குப் பாதையில் உள்ள பான் போங் அருகே. ஆள் போதாமல் மலாயாத் தோட்டங்களில் பிடித்தார்கள். கெடாத் தோட்டங்களிலிருந்தும் பல்லாயிரம் தமிழர் போன வழி, பாடாங் பெசார் தாண்டிப் பேஜெட்டின் கடனில் போட்ட அதே தண்டவாளம். சரக்கு வண்டியில், நின்றபடி. அந்த மரண ரயிலின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17-ல் இணைந்தன. மறுநாள் அக்டோபர் 18-ல், ஜப்பான் 1909-ல் கைமாறிய நான்கு மாநிலங்களையும் தாய்லாந்திடம் திருப்பிக் கொடுத்தது. 1923 உடன்படிக்கையின் அந்த வரியை அன்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கெடாவிலிருந்து சயாமுக்குப் போனவர்களில் உயிரோடு இருந்தவர்கள், தங்கள் ஊரும் சயாமாகிவிட்டது என்பதைக் காட்டுக்குள் இருந்தபடியே கேள்விப்பட்டிருப்பார்கள்.

அந்த இரண்டு ஆண்டுகளில் அலோர் ஸ்டாரிலும் தோட்டங்களிலும் நடந்தவை அடுத்த வாரம்.

(தொடரும்)